மார்பகக் குறைப்பு அறுவைக்குப் பின் அடிமடிப்பில் பிரிந்த தையல்: ஆறுவதற்கு ஏன் இவ்வளவு தாமதம்?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு எனக்கு ஒரு மாதம் கடந்துவிட்டது. முலைக்காம்பைச் சுற்றியும், அங்கிருந்து நேர்கீழாகவும், மார்பின் அடிமடிப்பு நெடுகவும் தையல் போடப்படும் நங்கூர வடிவ முறையில்தான் அறுவை நடந்தது. வலது பக்கம் முழுவதும் நன்றாகக் கூடிவிட்டது. இடது பக்கத்தில், நேர்கீழாக இறங்கும் தையல் அடிமடிப்புத் தையலைத் தொடும் இடத்தில், மூன்றாவது வாரத்தில் ஒரு சிறு பொருக்கு கட்டியது. அது உதிர்ந்தபோதுதான் அடியில் தோல் பிரிந்திருப்பது தெரிந்தது. இப்போது அது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக, அதிக ஆழமில்லாத திறந்த புண்ணாக இருக்கிறது. அடிப்பகுதியில் பாதி சிவப்பாகவும் மீதி வெளிர் மஞ்சள் படலம் படிந்தும் காணப்படுகிறது. கட்டை மாற்றும்போதெல்லாம் மஞ்சள் கலந்த நீர்க்கசிவு துணியில் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, வலி முன்பைவிடக் குறைவுதான்.

என் சர்ஜனிடம் காட்டினேன். "இது தானாக மூடிக்கொள்ளும், மறுபடி தையல் போடத் தேவையில்லை, தினமும் கட்டு மாற்றுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் பிரிந்த இடத்தைத் தைக்காமல் விடுவது எப்படிச் சரியாகும் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டில் உள்ளவர்கள் அந்த மஞ்சள் படலத்தைச் சீழ் என்கிறார்கள். ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவினால் புண் சுத்தமாகும் என்றும், கட்டே போடாமல் காற்றாட விட்டால் உலர்ந்து ஆறிவிடும் என்றும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?

என்னை அதிகம் வாட்டுவது இன்னொன்று. "அழகுக்காகப் போய்ப் படுத்தாய், இப்போது அனுபவிக்கிறாய்" என்ற பேச்சு. தோள்பட்டையில் உள்ளாடைப் பட்டை அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்து, கழுத்து வலியோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவள் நான். இருந்தும் இந்தப் புண்ணைப் பார்க்கும்போது, நான் ஏதோ தவறாகச் செய்ததால்தான் இப்படி ஆயிற்றோ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அனுபவம் உள்ளவர்களும் மருத்துவத் துறையில் உள்ளவர்களும் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

செங்காந்தள்

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் அதே இடத்தில், அதே நிறத்தில் எனக்கு இருந்த புண்தான் கண்முன் வந்தது. எனக்கும் குறைப்பு அறுவைதான். எனக்கும் பிரிந்தது அந்த மூன்று கோடுகள் கூடும் இடத்தில்தான். இந்த அறுவையில் அதிகமாகக் காணப்படும் பின்விளைவே இதுதான் என்று என் சர்ஜன் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். எழுத்தில் படித்திருந்தாலும், கண்ணாடியில் திறந்த புண்ணைப் பார்க்கும்போது மனம் கலங்கத்தான் செய்யும்.

மருத்துவ விளக்கத்தைத் துறை சார்ந்தவர்கள் சொல்லட்டும். எனக்குக் கைகொடுத்ததை மட்டும் சொல்கிறேன். தினமும் பார்க்கும் புண் தினமும் ஒன்றுபோலவேதான் தெரியும். முதல் நாளை ஒப்பிட மனத்தில் எந்த அளவும் நிற்காது. ஆகவே வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், அதே விளக்கின் கீழ், அதே தூரத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, கட்டு மாற்றுவதற்குச் சற்றுமுன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று படங்கள் சேர்ந்த பிறகுதான் புண்ணின் போக்கு தெரியும். எனக்கு முதல் இரண்டு படங்களில் அகலம் மாறவேயில்லை, ஆனால் ஆழம் குறைந்திருந்தது. அதன் பிறகுதான் அகலம் சுருங்கத் தொடங்கியது. என் சர்ஜனும் நேரில் பார்த்ததைவிட அந்தப் படங்களைத்தான் கூர்ந்து பார்த்தார்.

கம்பி வைத்த உள்ளாடை அந்த மடிப்பிலேயே வந்து அழுத்தும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம். முன்பக்கம் திறக்கும், கம்பியில்லாத, மென்மையான தாங்கும் உள்ளாடையை இரவும் பகலும் அணியச் சொன்னார்கள். மார்பு தன் பாரத்தால் கீழே தொங்கும்போது அந்தத் தையல் இழுபடுகிறது; தாங்கிப் பிடித்தால் இழுவை குறைகிறது. உயரத்தில் உள்ள பொருளை எட்டி எடுப்பது, குழந்தையை இடுப்பில் தூக்கி வைப்பது, ஈரத்துணி வாளியைத் தூக்குவது ஆகியவற்றையெல்லாம் மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள்.

"அழகுக்காகப் போனாய்" என்ற பேச்சு எனக்கும் வந்தது. உடம்பின் பாரத்தைக் குறைத்துக்கொள்வதும், தன் உடம்பு தனக்குப் பிடித்தபடி இருக்க வேண்டும் என்று விரும்புவதும் தண்டனைக்குரிய குற்றங்கள் அல்ல. வெறும் தோற்றத்துக்காகவே செய்துகொண்டிருந்தாலும் என் பதில் இதுதான். அந்தப் பேச்சுக்கு அஞ்சிப் பல பெண்கள் புண்ணை மறைத்துவைத்து, மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அதுதான் உண்மையான ஆபத்து. நீங்கள் காட்டியிருக்கிறீர்கள், கேட்டிருக்கிறீர்கள். செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

---

கட்டுச்செவிலி

வணக்கம் தோழி. அறுவை சிகிச்சைக் காயங்களுக்குக் கட்டுப் போடுவதே என் அன்றாடப் பணி. நேரில் பாராமல் உங்கள் புண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவற்றின் பின்னால் உள்ள காரணங்களை விளக்க முடியும்.

முதலில், ஏன் அந்த இடம்? நங்கூர வடிவ அறுவையில் இரண்டு பக்கத் தோல் மடல்களையும் இழுத்து நடுவில் சேர்த்து, கீழே மடிப்போடு இணைக்கிறார்கள். மூன்று தையல்களும் கூடும் அந்த முச்சந்திதான் இரண்டு மடல்களுக்கும் கடைக்கோடி. தோலுக்கான ரத்தம் மடலின் அடிப்பகுதியிலிருந்து நுனியை நோக்கி வர வேண்டியிருப்பதால், நுனிக்கு வந்து சேர்வது குறைவு. இழுவை அதிகமாக இருப்பதும் அங்கேதான். ரத்த ஓட்டம் குறைவு, இழுவை அதிகம், மடிப்பின் வியர்வை ஈரம், மேலிருந்து மார்பின் பாரம் ஆகிய நான்கும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. சில ஆய்வுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த அறுவைக்குப் பின் காயம் ஆறுவதில் தாமதம் பதிவாகியிருக்கிறது. எந்தத் தவறும் செய்யாதவர்களுக்கும் அங்கே பிரியும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்து, ஏன் மறுபடி தைக்கவில்லை? பிரிந்த விளிம்பு ஏற்கெனவே ரத்தம் போதாமல் நலிந்த தோல். அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் இழுவை இன்னும் கூடும். நலிந்த விளிம்பு ஊசியைத் தாங்காமல் கிழியும். அதோடு, சில நாள் திறந்திருந்த புண்ணில் கிருமிகள் குடியேறியிருக்கும். மேலே மூடித் தைத்தால் அவை உள்ளே அடைபட்டுச் சீழ்க்கட்டியாக மாறக்கூடும். திறந்தே விட்டால், அடியிலிருந்து புதுச்சதை மேலெழும்பும். அந்தச் சதையில் உள்ள சுருங்கும் தன்மையுடைய செல்கள் விளிம்புகளை உள்நோக்கி இழுக்கும். கடைசியில் விளிம்பிலிருந்து புதுத்தோல் படர்ந்து மூடும். மெதுவான வழிதான், ஆனால் உடம்புக்கு நன்கு பழக்கமான வழி. இந்த அளவுள்ள புண்கள் பெரும்பாலும் சில வாரங்களில் மூடுகின்றன. சற்றுப் பெரியவை இரண்டு மூன்று மாதங்கள்கூட எடுத்துக்கொள்வது உண்டு.

மஞ்சள் படலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேவையற்ற பயமும் தேவையற்ற ஆன்டிபயாட்டிக்கும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சீழ் கெட்டியாக, கலங்கலாக வழியும், துடைத்தால் வந்துவிடும், பெரும்பாலும் சுற்றிலும் சிவப்பும் சூடும் வலியும் உடனிருக்கும். நீங்கள் சொல்வது புண்ணின் அடியில் ஒட்டிக்கொண்டு, துடைத்தாலும் வராத படலம் என்றால், அது பெரும்பாலும் இறந்த செல்களும் ரத்தத்திலிருந்து கசிந்த நார்ப்புரதமும் சேர்ந்து படிந்தது. அதை நகத்தாலோ துணியாலோ சுரண்டாதீர்கள். ஈரப்பதம் சரியாக இருந்தால் தானே இளகிக் கழன்றுவிடும். அதிகமாக இருந்தால் மருத்துவரோ செவிலியரோ வலியில்லாமல் எடுத்துவிடுவார்கள். வைக்கோல் நிறத்தில் தெளிவாகக் கசியும் நீரும் சீழ் அன்று; ஆறும் புண்ணின் இயல்பான கசிவுதான் அது.

காற்றாட விட்டு உலர்த்துவது சரியன்று. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை ஏற்படுத்தி, சிலவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடியும் சிலவற்றைத் திறந்துவிட்டும் பார்த்தார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளியது: உலர்ந்த பொருக்கு இருந்தால் புதுத்தோல் செல்கள் அதன் அடியில் வழி குடைந்துகொண்டு போக வேண்டும், ஈரமான தளத்தில் நேராக நகரும். ஆனால் ஈரம் என்றால் சொதசொதப்பு அன்று. சுற்றியுள்ள நல்ல தோல் வெளுத்து ஊறிப்போனால், கட்டு போதுமான அளவு உறிஞ்சவில்லை என்று பொருள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டவே வேண்டாம். நுரைத்துப் பொங்குவதைப் பார்த்து அழுக்கு வெளியேறுகிறது என்று நினைக்கிறார்கள். அது கிருமியையும் கொல்லும், புதுச்சதையைக் கட்டும் செல்களையும் கொல்லும். ஸ்பிரிட்டும் அப்படியே. போவிடோன் அயோடினைச் சுத்தமாக ஆறிவரும் புண்ணில், மருத்துவர் சொல்லாமல், நாள்தோறும் ஊற்ற வேண்டியதில்லை. கிருமி நீக்கிய உப்புநீரான சலைன் போதும், சர்ஜன் அனுமதித்திருந்தால் குளிக்கும்போது மிதமான நீர் மென்மையாக வழிந்தோடுவதே போதும்.

கடைசியாக, கட்டை எடுக்கும் விதம். வெறும் காஸ் துணியைப் புண்மேல் நேரடியாக வைத்தால் அது உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பிய்த்தெடுக்கும்போது, விளிம்பில் முந்தின நாள் படர்ந்த முத்துநிற மெல்லிய புதுத்தோலும் சேர்ந்து வந்துவிடும். துணியில் வட்டமாகச் சிறு ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஒட்டிய கட்டைச் சலைனால் நனைத்துச் சில நிமிடம் பொறுத்து எடுங்கள். ஒட்டாத சிலிக்கோன் வலை, கசிவு அதிகமானால் அதை உறிஞ்சும் ஆல்ஜினேட் அல்லது ஃபோம் கட்டு என வேறு வகைகள் உள்ளன. உங்கள் புண்ணுக்கு எது பொருந்தும் என்று சர்ஜனிடமே கேளுங்கள். சில வகைகளைத் தினமும் மாற்றவே தேவையில்லை. அடிக்கடி திறந்து பார்ப்பதும் புண்ணுக்குத் தொந்தரவுதான்.

---

நீரோடை

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்குக் குறைப்பு இல்லை. சிலிக்கோன் இம்பிளான்ட் வைத்துப் பெரிதாக்கும் அறுவை. மடிப்பில் உள்ள தையலில் மிளகளவு திறப்பு ஏற்பட்டு இரண்டு நாளாக நீர் கசிகிறது. வலி இல்லை. மேலே சொன்னபடி நானும் ஈரக்கட்டு போட்டுக்கொண்டு காத்திருக்கலாமா? அடுத்த சந்திப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

---

தையல்கோடு (பிளாஸ்டிக் சர்ஜன்)

முதலில் நீரோடைக்கு: காத்திருக்க வேண்டாம். இன்றே உங்கள் சர்ஜனை அழைத்து, இம்பிளான்ட் இருக்கும் மார்பில் தையல் திறந்து நீர் கசிகிறது என்று இதே சொற்களில் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குறைப்பு அறுவையில் திறப்புக்கு அடியில் இருப்பது உங்கள் சொந்தத் திசு. அதற்கு ரத்த ஓட்டம் உண்டு, கிருமியை எதிர்க்கும் வலிமை உண்டு. இம்பிளான்ட்டுக்கு அது இல்லை. அதன் மேற்பரப்பில் கிருமிகள் ஒருமுறை படலமாகப் படிந்துவிட்டால், ஆன்டிபயாட்டிக்கால் முழுமையாக அகற்றுவது மிகக் கடினம். பல வேளைகளில் இம்பிளான்ட்டை எடுத்துவிட்டு, சில மாதங்கள் கழித்துத்தான் மறுபடி வைக்க முடிகிறது. திறப்பு சிறிதாக இருக்கும்போதே வந்தால் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். வலியில்லை என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். சர்ஜன் பார்க்கும்வரை சுத்தமான உலர்ந்த கட்டு மட்டும் போதும். உள்ளே எதையும் ஊற்றவோ அழுத்திப் பிதுக்கவோ கூடாது.

இனி வைகறைக்கு. கட்டுச்செவிலி விளக்கியது அனைத்தையும் ஏற்கிறேன். உங்கள் சர்ஜன் மறுதையல் போடாதது அலட்சியம் அன்று. நானும் அதையே செய்திருப்பேன். ஆனால் ஏன் என்பதை உங்களுக்குப் புரியும்படி சொல்லாமல் அனுப்பியது குறைதான். காரணம் தெரிந்தவர் பொறுமையாகக் காத்திருப்பார், தெரியாதவர் பெராக்சைடைத் தேடிப் போவார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

காயம் மெதுவாக ஆறும்போது, புண்ணை மட்டும் பார்க்காமல் உடம்பையும் பார்க்க வேண்டும். முதலில் கேட்பது புகை. நிக்கோட்டின் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனுக்குரிய இடத்தை ஹீமோகுளோபினில் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்கள் நிறுத்தச் சொல்கிறோம். மின்சிகரெட்டிலும் நிக்கோட்டின் உண்டு என்பதால் அது விதிவிலக்கு ஆகாது. அடுத்தது ரத்தச் சர்க்கரை. தங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் அறுவைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை, அண்மையில் செய்யவில்லையென்றால், இப்போது செய்துகொள்வது நல்லது. ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண்களுக்கு ரத்தச்சோகை இருந்தும் அவர்கள் அதைச் சோர்வு என்றே நினைத்து வாழ்ந்துவிடுகிறார்கள்.

புரதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் கட்டாயம் கேட்கிறேன். புதுச்சதை கொலாஜனால் ஆனது, கொலாஜன் புரதம். திறந்த காயம் உள்ளவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.25 முதல் 1.5 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 75 முதல் 90 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குக் கூட்டக் கூடாது. அறுவைக்குப் பின் உடம்பு இளைத்தால் தோற்றம் இன்னும் நன்றாக இருக்கும் என்று உணவைக் குறைப்பவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்: புண் மூடும்வரை எடை குறைக்கும் முயற்சி எதுவும் வேண்டாம். வைட்டமின் சியும் துத்தநாகமும் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவும். குறைபாடு இல்லாதவர் கைநிறைய மாத்திரை விழுங்குவதால் புண் விரைந்து மூடிவிடாது.

ஆன்டிபயாட்டிக் தேவையா என்பது புண் திறந்திருப்பதைப் பொறுத்ததன்று, தொற்று இருப்பதைப் பொறுத்தது. விளிம்பிலிருந்து வெளிநோக்கிப் பரவும் சிவப்பு, சூடு, நாளுக்கு நாள் ஏறும் வலி, கெட்ட வாடை, கெட்டியான சீழ், 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல், குளிர்நடுக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே சென்று பாருங்கள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் தோலில் கோடிட்டு வைத்துக்கொண்டால், சில மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும். முலைக்காம்பு கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுவதும், ஒரு மார்பு திடீரென்று வீங்கி இறுகுவதும் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாதவை.

இரண்டு அரிய நிலைகளையும் குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் இவை கண்டுபிடிக்கப்படாமல் மாதக்கணக்கில் இழுக்கப்படுகின்றன. ஒன்று, காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம், மைக்கோபாக்டீரியம் கெலோனே போன்ற கிருமிகளின் தொற்று. அறுவை முடிந்து சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, மூடிய தழும்பிலேயே சிறு கட்டிகளாகவும் நீர் கசியும் துளைகளாகவும் தோன்றும். வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழக்கமான கல்ச்சர் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். இந்தக் கிருமியைத் தேடும்படி தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும். மருந்தும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

மற்றொன்று பயோடெர்மா கேங்கிரினோசம் எனப்படும், எதிர்ப்பாற்றல் பிறழ்வால் வரும் தோல் நோய். இதில் புண் வேகமாகப் பெரிதாகும், விளிம்பு ஊதா நிறத்தில் குடைந்து காணப்படும், தாங்க முடியாத வலி இருக்கும், கல்ச்சரில் எந்தக் கிருமியும் வளராது. மார்பக அறுவைக்குப் பின் வரும்போது பல நேரம் முலைக்காம்பு மட்டும் பாதிக்கப்படாமல் தப்பி நிற்கும். தொற்று என்று எண்ணி இறந்த சதையை வெட்டி எடுத்தால், ஒவ்வொரு முறையும் புண் இன்னும் விரியும். இதற்கு மருந்து கத்தியன்று, ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகள். வைகறை, நீங்கள் விவரித்தது இந்த இரண்டில் எதுவும் போலத் தெரியவில்லை. ஆனால் இங்கே படிக்கும் வேறொருவருக்கு இந்தப் பெயர்கள் தேவைப்படலாம்.

படங்களின் யோசனை நல்லது. இரண்டு வாரங்களில் அகலமோ ஆழமோ சற்றும் குறையவில்லை என்றால் மறுபடி சந்திப்பைக் கேளுங்கள். அப்போது கட்டின் வகையை மாற்றலாம், படலத்தை எடுக்கலாம், ஆழமான புண்ணானால் வெற்றிட அழுத்தக் கருவி வைக்கலாம். உள்ளே கரையாமல் நீட்டிக்கொண்டிருக்கும் தையல் நூலின் ஒரு முடிச்சுகூடப் புண்ணை வாரக்கணக்கில் திறந்து வைத்திருக்கும். அதைக் கிடுக்கியால் எடுத்துவிட்டால் சில நாளில் மூடிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நூல்முனை கண்ணில் பட்டால் நீங்களே பிடித்து இழுக்காதீர்கள்.

---

வைகறை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சீழ் வேறு, படலம் வேறு என்று படித்த பிறகுதான் நேற்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். துடைத்துப் பார்த்தேன், வரவில்லை, ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. துணியில் வட்டமான ரத்தப் புள்ளிகளும் இருந்தன. இனி நனைத்துத்தான் எடுப்பேன்.

டாக்டர், நான் புகைப்பதில்லை. சர்க்கரையும் அறுவைக்கு முன் சரியாகவே இருந்தது. ஆனால் மூட்டுவாதத்துக்காகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாளாகச் சாப்பிட்டு வருகிறேன். சர்ஜனுக்கும் அது தெரியும். நீங்கள் ஸ்டீராய்டு சில புண்களுக்கு மருந்து என்று எழுதியிருப்பதால் குழப்பமாக இருக்கிறது. என் விஷயத்தில் அது நல்லதா கெட்டதா? புண் ஆறும்வரை நிறுத்திவிடலாமா?

---

தையல்கோடு (பிளாஸ்டிக் சர்ஜன்)

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடம்பு தனக்குத் தேவையான கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைத் தானே சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் தாமதத்துக்கு அந்த மாத்திரை ஒரு பங்கு காரணமாக இருக்கக்கூடும். பயோடெர்மாவில் புண்ணை உண்டாக்குவதே கட்டுமீறிய அழற்சி, அங்கே ஸ்டீராய்டு அதை அடக்குகிறது. சாதாரணக் காயத்தில் அழற்சிதான் ஆறுதலின் முதல் கட்டம்; அதையும் அடக்கி, கொலாஜன் உருவாவதையும் தோல் படர்வதையும் ஸ்டீராய்டு மெதுவாக்குகிறது. மூட்டு மருத்துவரும் உங்கள் சர்ஜனும் பேசி, அளவைக் குறைக்க முடியுமா, உடன் எடுக்கும் வேறு மருந்துகள் ஏதாவது ஆறுவதைத் தடுக்கின்றனவா என்று முடிவு செய்யட்டும். ஸ்டீராய்டின் இந்த விளைவை வைட்டமின் ஏ ஓரளவு ஈடுசெய்யும் என்பதற்கு விலங்கு ஆய்வுகளில் சான்று உண்டு. ஆனால் அதிக அளவு கல்லீரலைப் பாதிக்கும், கருவுற்றிருப்பவரின் குழந்தைக்குப் பிறவிக் குறை உண்டாக்கும். அதையும் சுயமாகத் தொடங்க வேண்டாம். முக்கியமாக ஒன்று: ஸ்டீராய்டு எடுப்பவருக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சலும் சிவப்பும் மங்கலாகவே தெரியலாம். ஆகவே மற்றவர்களைவிட நீங்கள் சற்று முன்னதாகவே சென்று காட்ட வேண்டும்.

---

நீரோடை

நேற்றே அழைத்தேன். உடனே வரச் சொல்லி, இன்று காலை அறுவை அரங்கில் கழுவி, விளிம்பைச் சீர்செய்து மூடியிருக்கிறார்கள். இம்பிளான்ட் தப்புமா என்பது கல்ச்சர் முடிவு வந்த பிறகுதான் தெரியும் என்றார்கள். எழுதியவர்களுக்கு நன்றி.

---

செங்காந்தள்

நல்ல வேளை, சகோதரி. முடிவு வந்ததும் எழுதுங்கள். கட்டுச்செவிலி அம்மாவிடம் எனக்கும் ஒரு கேள்வி: என் புண் மூடிவிட்டது, ஆனால் அந்த இடம் மட்டும் சிவந்து, தடித்து, அரிக்கிறது. தழும்புக்கான சிலிக்கோன் பட்டை எப்போதிலிருந்து ஒட்டலாம்?

---

கட்டுச்செவிலி

பொருக்கோ ஈரமோ சற்றும் இல்லாமல் முழுமையாக மூடிய பிறகு மட்டுமே. திறந்த இடம் ஊசிமுனை அளவு இருந்தாலும் சிலிக்கோன் பட்டை வேண்டாம், வைகறைக்கும் இது பொருந்தும். மூடிய பின் முதலில் சில மணி நேரம் ஒட்டிப் பார்த்து, தோல் ஏற்றுக்கொண்டால் நாளுக்கு 12 மணி நேரத்துக்குமேல் கூட்டி, இரண்டு மூன்று மாதங்கள் தொடருங்கள். மடிப்பில் வியர்த்துச் சிறு கொப்புளங்கள் வந்தால் பட்டைக்குப் பதிலாக சிலிக்கோன் ஜெல் பூசலாம்.

மூடிய தோல் உடனே பழைய வலிமையைப் பெற்றுவிடாது; மூன்றாவது வாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், மூன்று மாதங்களில் ஏறத்தாழ 80 விழுக்காடும் வரும், அதற்குமேல் பெரிதாகக் கூடுவதில்லை. உங்கள் புண் தாமதமாக மூடியதால், அறுவை நடந்த நாளிலிருந்து எண்ணாமல் மூடிய நாளிலிருந்து எண்ணுங்கள். சிவப்பும் அரிப்பும் சில மாதங்களில் தணியும். ஓராண்டு வரை வெயில் படாமல் மறையுங்கள். தடிப்பு தழும்பின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்கும் பரவினால் மட்டும் காத்திருக்காமல் சர்ஜனிடம் காட்டுங்கள். மற்றபடி தழும்பைத் திருத்தும் அறுவை வேண்டுமா என்று ஓராண்டு முடிந்த பிறகுதான் பார்ப்பார்கள்.